வேறு காரின் பிரேக் கேலிப்பரைப் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம் காரில் உள்ள பிரேக் போதவில்லை என்று கருதி, அதைவிடப் பெரிய அல்லது வேகமான ஒரு காரின் கேலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, உராய்வுப் பட்டைகளான பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) எடுத்துப் பொருத்த விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். முதன்மை எடுத்துக்காட்டு, நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரும், அதனுடன் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட ஆடி ஏ3, ஆடி டிடி, ஸ்கோடா ஆக்டேவியா ஆகியவையும் அடங்கிய குடும்பம். ஔரங்காபாத் தொழிற்சாலையிலிருந்து இந்தியச் சாலைகளுக்கு வந்த முதல் ஆக்டேவியாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், நம் வாசகர்களில் சிலருக்கு இதில் உள்ள அளவுகள் நேரடியாகவே பயன்படும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சுபாரு இம்ப்ரெஸா காரையும் சேர்த்திருக்கிறேன்.

பெரிய கேலிப்பர் பொருத்தினால் கார் குறைந்த தூரத்தில் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. காரை நிறுத்துவது இறுதியில் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்புதான். இப்போது உள்ள பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இயங்கத் தொடங்குகிறது என்றாலோ, ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்றாலோ, அந்த டயரால் தாங்கக்கூடிய அளவு பிரேக் விசையை இப்போதைய கேலிப்பரே தந்துவிடுகிறது என்று பொருள். அதற்கு மேல் எத்தனை பெரிய கேலிப்பரைப் போட்டாலும் அதே டயர் அதே இடத்தில்தான் வழுக்கும். நிற்கும் தூரம் குறைய வேண்டும் என்பதே ஒருவருடைய நோக்கம் என்றால், அவர் முதலில் நல்ல டயருக்குச் செலவிட வேண்டும். வயதாகிக் கெட்டிப்பட்ட டயரை வைத்துக்கொண்டு கேலிப்பர் தேடி அலைவது பணத்தையும் நேரத்தையும் தவறான இடத்தில் போடுவதாகும்.

அப்படியானால் இந்த மாற்றத்தால் என்ன பயன்?

வெப்பத்தைத் தாங்கும் திறன் கூடுகிறது. அதுதான் உண்மையான பயன். 1300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 500 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 175 கிலோஜூலை ஏற்க வேண்டும். 7 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் இதனால் ஏறத்தாழ 50 டிகிரி சூடேறும். 9 கிலோ டிஸ்க் என்றால் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். ஒரு முறை நிறுத்துவதில் இந்த வேறுபாடு தெரியாது. வேகம் கூடும்போது ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 150 கி.மீ. வேகத்திலிருந்து அடுத்தடுத்துப் பலமுறை நிறுத்தும்போதும், பந்தயத் தடத்தில் சுற்றும்போதும், ஆள்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போதும்தான் பெரிய டிஸ்க்கின் அருமை புலப்படும். சிறிய டிஸ்க் சூடேறி, பேட் தன் உராய்வை இழந்து, மிதித்தும் கார் வேகம் தணியாமல் போகும் நிலையைப் பெரிய டிஸ்க் தள்ளிப்போடுகிறது.

இந்தக் கணக்கில் வெப்பத்தை ஏற்பது டிஸ்க். கேலிப்பர் அதைப் பிடிக்கும் கருவி மட்டுமே. ஆகவே ‘கேலிப்பர் மாற்றுகிறேன்’ என்று சொல்பவர் உண்மையில் பெரிய டிஸ்க்குக்கு மாறுகிறார், அதற்கு ஏற்ற கேலிப்பரையும் கூடவே கொண்டுவருகிறார் என்று எடுத்துக்கொள்வதே சரி. பழைய அளவு டிஸ்க்கையே வைத்துக்கொண்டு அதன்மேல் பகட்டான கேலிப்பரை மட்டும் பொருத்துவதால் கிடைப்பது மிகக் குறைவு.

நான்கு பிஸ்டன் கேலிப்பர், ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரைவிட நான்கு மடங்கு பலமானது அல்லவா?

அல்ல. இது மிகப் பரவலான தவறான எண்ணம் என்பதால் கணக்கோடு விளக்குகிறேன்.

ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர் மிதக்கும் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் உட்பக்கப் பேடைத் தள்ளும்போது, கேலிப்பரின் உடல் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் அதே விசையோடு இழுத்து அழுத்துகிறது. நான்கு பிஸ்டன் கேலிப்பர் நிலையானது. அது நகராது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு பிஸ்டன்கள் அந்தந்தப் பக்கத்துப் பேடை அழுத்துகின்றன. எனவே ஒப்பிடும்போது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். கோல்ஃப் குடும்பத்தின் முன் கேலிப்பரில் உள்ள 54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 2290 சதுர மி.மீ. பக்கத்துக்கு ஒரு 36 மி.மீ., ஒரு 40 மி.மீ. பிஸ்டன் கொண்ட நான்கு பிஸ்டன் கேலிப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்துப் பரப்பு சுமார் 2275 சதுர மி.மீ. ஆகும். இரண்டும் தரும் அழுத்து விசை ஏறத்தாழச் சமம்.

நான்கு பிஸ்டன் வகையின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நீளமான பேடைச் சீராக அழுத்துகிறது, விறைப்பாக இருப்பதால் பெடல் உறுதியாக உணரப்படுகிறது, அலுமினியத்தால் ஆனது என்றால் எடையும் குறைகிறது. இவை மதிக்கத்தக்க நன்மைகள்தாம். அவற்றுக்காக வாங்குபவர் ஏமாற மாட்டார். நான்கு மடங்கு பலத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார்.

கோல்ஃப் குடும்பத்தில் இந்த மாற்றம் எப்படிச் செய்யப்படுகிறது?

இந்தக் குடும்பத்தின் கார்களில் எஞ்சினுக்கு ஏற்ப 256, 280, 288, 312 மி.மீ. என முன் டிஸ்க்குகள் வெவ்வேறு அளவில் வந்தன. 312 மி.மீ. டிஸ்க் ஆடி டிடி, ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற வேகமான வகைகளுக்கு உரியது. இதில் 288-லிருந்து 312-க்கு மாறுவதுதான் நான் அறிந்தவற்றுள் மிகத் தூய்மையான மாற்றம். இரண்டு டிஸ்க்குகளும் 25 மி.மீ. தடிமன், இரண்டிலும் ஒரே 54 மி.மீ. பிஸ்டன் கொண்ட கேலிப்பர். மாறுவது, கேலிப்பரை, சக்கரத்தைத் தாங்கும் பகுதியான நக்கிளோடு இணைக்கும் கேரியர் மட்டுமே. டிடி காரின் கேரியர் கேலிப்பரை மையத்திலிருந்து 12 மி.மீ. வெளியே தள்ளி வைக்கிறது. அந்த இடத்தைப் பெரிய டிஸ்க் நிரப்புகிறது.

பிஸ்டன் மாறாததால் பெடலை மிதிக்க வேண்டிய தூரம் மாறுவதில்லை. பெடலின் மிதியை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் ஆரம் கூடுவதால் மட்டும் முன் பிரேக்கின் முறுக்கு விசை ஏறத்தாழ 10 சதவீதம் உயர்கிறது. இது ஏபிஎஸ் எளிதில் சமாளிக்கக்கூடிய அளவு. தயாரிப்பாளரே அதே அடித்தளத்தில், அதே நிறையுள்ள காருக்கு வடிவமைத்த தொகுதி என்பதே இதன் பெரிய பலம். வேறு எந்தக் காருக்கு மாற்றம் தேடினாலும், முதலில் தன் காரின் குடும்பத்துக்குள்ளேயே இப்படிப்பட்ட ஓர் இணை இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

ஒரு எச்சரிக்கை: 256, 280 மி.மீ. டிஸ்க்குகளோடு வந்த கார்களில் கேலிப்பரின் வகையே வேறு. அவற்றில் கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. கேலிப்பரும், சில வேளைகளில் நக்கிளும் பொருந்துகின்றனவா என்று வண்டியைத் தூக்கிப் பார்த்த பிறகே பொருள் வாங்க வேண்டும்.

சுபாரு இம்ப்ரெஸாவில் என்ன வேறுபாடு?

2002-க்குப் பின் வந்த டபிள்யூஆர்எக்ஸ் வகையில் முன் டிஸ்க் 294 மி.மீ. விட்டமும் 24 மி.மீ. தடிமனும் கொண்டது. அதே உடலமைப்பில் வந்த எஸ்டிஐ வகையில் பிரெம்போ நான்கு பிஸ்டன் கேலிப்பரும் 326 மி.மீ. விட்டம், 30 மி.மீ. தடிமன் கொண்ட டிஸ்க்கும் உண்டு. எஸ்டிஐ முன் கேலிப்பர் டபிள்யூஆர்எக்ஸ் நக்கிளில் நேரடியாகவே போல்ட் ஆகிவிடுகிறது. ஆனால் இங்கே கேலிப்பரோடு டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும், 30 மி.மீ. டிஸ்க்குக்கான கேலிப்பரில் 24 மி.மீ. டிஸ்க்கை வைத்தால், பேட் தேயத் தேயப் பிஸ்டன் தன் துளையிலிருந்து அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும்.

வாங்கும் டிஸ்க்கின் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2004 மாடல் எஸ்டிஐ வரை ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) ஐந்து போல்ட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் அமைந்திருந்தன, 2005 மாடலில் அது 114.3 மி.மீ. ஆக மாறியது. பின்பக்கத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பின் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கான சிறிய டிரம் இருக்கிறது. டபிள்யூஆர்எக்ஸில் அதன் விட்டம் 170 மி.மீ., எஸ்டிஐயில் 190 மி.மீ. எஸ்டிஐ பின் டிஸ்க்கை அப்படியே மாட்டினால் ஹேண்ட் பிரேக் ஷூ டிரம்மைத் தொடவே தொடாது. இதைக் கவனிக்காமல் பின்பக்கத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

ஒரு கேலிப்பர் பொருந்துமா என்பதை எவற்றை அளந்து முடிவு செய்வது?

போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், துளையின் விட்டம், போல்ட் பக்கவாட்டில் நுழைகிறதா அல்லது சக்கரத்தின் மையத்தை நோக்கி நுழைகிறதா என்பது, டிஸ்க்கின் விட்டமும் தடிமனும், ஹப் முகத்திலிருந்து டிஸ்க் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்ற அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றுள் மக்கள் அளக்க மறப்பது கடைசி அளவைத்தான். போல்ட் எல்லாம் அழகாக ஏறிவிடும். ஆனால் டிஸ்க் கேலிப்பரின் வாய்க்கு நடுவே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். மிதக்கும் கேலிப்பர் சிறிது விலகலைப் பொறுத்துக்கொள்ளும். நிலையான கேலிப்பர் பொறுக்காது. ஒரு பக்கத்துப் பிஸ்டன்கள் அதிகமாக வெளியே வந்தும் மறுபக்கத்தவை உள்ளேயே கிடந்தும் வேலை செய்யும்.

சரிசெய்ய மெல்லிய ஸ்பேசர் வாஷர் ஒன்றிரண்டு வைப்பது ஏற்கத்தக்கது. போல்ட் துளையைப் பெரிதாக்குவது, கேலிப்பரின் உடலை அரைத்து இடம் உண்டாக்குவது, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்புப் பட்டையை ஒட்டவைத்து கேரியர் செய்வது ஆகிய மூன்றையும் ஒருபோதும் செய்யக் கூடாது. கடும் பிரேக்கின்போது டிஸ்க்கோடு சேர்ந்து சுழன்றுவிடத் துடிக்கும் கேலிப்பரை அந்த இரண்டு போல்ட்டுகளும் அந்தக் கேரியரும்தான் பிடித்து நிறுத்துகின்றன. கேலிப்பரை நக்கிளோடு இணைக்க இடையே அடாப்டர் தேவைப்பட்டால், வெல்டிங் இல்லாமல் ஒரே துண்டிலிருந்து இயந்திரத்தில் கடையப்பட்டதை, அதைச் செய்வதையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து வாங்குங்கள்.

முன் பிரேக்கை மட்டும் பலப்படுத்தினால் போதுமா?

அளவான மாற்றம் என்றால் போதும். பெரிய மாற்றம் என்றால் சிந்திக்க வேண்டும்.

கார் தயாரிப்பாளர்கள் பின்சக்கரத்துக்கு முன்பாக முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்படியே பிரேக்கைப் பங்கிடுகிறார்கள். முன்சக்கரம் பூட்டினால் கார் நேராக வழுக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழன்றுவிடும். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது பாதுகாப்பான திசையில் செய்யும் மாற்றம் என்று இதனால் சொல்லலாம். ஆனால் அளவு மீறினால் முன் டயர் சீக்கிரமே தன் எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் இயங்க, பின் டயர் தன் பங்கைச் செய்யாமலே இருந்துவிடும்; விலை உயர்ந்த கேலிப்பர் போட்ட பிறகு நிற்கும் தூரம் கூடிவிடுவதும் உண்டு. மின்னணு முறையில் முன்பின் பங்கீட்டைக் கட்டுப்படுத்தும் கார்களில் அந்த அமைப்பு ஓரளவு ஈடுசெய்யும் என்றாலும், அது தொழிற்சாலைப் பிரேக்கின் அளவுகளை அடிப்படையாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எதிர்த்திசைத் தவறு இன்னும் ஆபத்தானது. நான்காம் தலைமுறை கோல்ஃபின் பின் கேலிப்பரில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இறுகிக்கொள்ளும் குறை பலரும் அறிந்தது. அதற்காக ஐந்தாம் தலைமுறையின் அலுமினியப் பின் கேலிப்பரை வாங்கிப் போடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பழையதில் பிஸ்டன் 38 மி.மீ.; புதியது 38, 41 என இரு அளவுகளில் வருகிறது. தெரியாமல் 41 மி.மீ. உள்ளதை எடுத்துவிட்டால் பின்பக்க விசை 16 சதவீதம் கூடிவிடும். மழையில் நனைந்த வளைவில் பிரேக்கை மிதிக்கும்போது அந்த 16 சதவீதம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்பக்கத்தில் பிஸ்டன் பரப்பைக் கூட்டாதீர்கள். முன்பக்கத்தையும் ஏற்றவாறு கூட்டியிருந்தால் மட்டுமே அது பேசத்தக்கது.

மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டுமா?

புதிய கேலிப்பர்களின் மொத்தப் பிஸ்டன் பரப்பு எவ்வளவு கூடுகிறது என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் பெரிதானால் அதே தூரம் நகர அதிக பிரேக் ஆயில் வேண்டும். ஆகவே பெடல் கூடுதலாகக் கீழே போகும். 54 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ. பிஸ்டன் என்றால் தேவை 23 சதவீதத்துக்கு மேல் உயர்கிறது. பெடலில் அது தெளிவாகத் தெரியும். மாஸ்டர் சிலிண்டரை 22.2 மி.மீ.யிலிருந்து 23.8 மி.மீ.க்கு மாற்றினால் பெடல் தூரம் பழையபடி குறையும். ஆனால் அதே அழுத்தத்தைப் பெறக் காலால் 15 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். பரப்பு 10 சதவீதத்துக்குள் கூடும் மாற்றங்களில் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய கேலிப்பரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் கேலிப்பர் விபத்துக்குள்ளான காரிலிருந்து வந்ததாக இருக்கலாம், பல மாதங்கள் மழையில் கிடந்ததாகவும் இருக்கலாம். மேலே அடித்திருக்கும் சிவப்புப் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) ஓரத்தைச் சற்று விலக்கிப் பிஸ்டனின் பக்கச் சுவரைப் பாருங்கள். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் துருப்புள்ளி ஒன்று இருந்தாலும், அந்தப் பிஸ்டனைப் புதிதாக மாற்றியாக வேண்டும். ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் அந்தச் சுவரின்மீதுதான் உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கை விட்டவுடன் பிஸ்டனை மிகச் சிறிதளவு பின்னுக்கு இழுப்பதும் அதே சீல்தான். ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான பிளீடர் நிப்பிள் உடையாமல் திறக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், பழைய கேலிப்பரைச் சீல், பூட் ஆகியவற்றை மாற்றாமல் காரில் ஏற்றக் கூடாது. பிஸ்டனை வெளியே எடுக்க அழுத்தக் காற்றைப் பயன்படுத்துவதானால், எதிரே மரக்கட்டையை வைத்து, காற்றை மிகக் குறைவாகத் திறந்து, விரல்களை வாய்ப்பகுதியிலிருந்து விலக்கி வையுங்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டைப்போல வெளியேறி விரலை நசுக்கிவிடும். உட்பாகங்களைப் பிரேக் ஆயிலாலோ பிரேக் கிளீனராலோ மட்டுமே கழுவ வேண்டும். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவற்றில் எது பட்டாலும் சீலின் ரப்பர் ஊதிவிடும். இரண்டு பாதிகளை இணைத்துச் செய்த நான்கு பிஸ்டன் கேலிப்பர் என்றால், அந்தப் பாதிகளைப் பிரிக்காமலே வேலையை முடிக்கப் பாருங்கள்.

பிரேக் ஹோஸ் பழையதே பொருந்துமா?

பல வேளைகளில் பொருந்தாது. ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் வளைய போல்ட்டின் திருகு 10 மி.மீ. விட்டத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றில் மரையின் இடைவெளி 1 மி.மீ., இன்னொன்றில் 1.25 மி.மீ. என்றிருக்கலாம். முதல் இரண்டு சுற்று ஏறிய பிறகு இறுகினால், பலம் கொடுத்துத் திருகாமல் உடனே நிறுத்துங்கள். செப்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும். பொருத்திய பின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, வண்டி ஜாக்கில் தொங்கும் நிலையிலும் சக்கரம் தரையில் இருக்கும் நிலையிலும் ஹோஸ் இழுபடுகிறதா, டயரை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வேலையின்போது கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி ஸ்பிரிங்கில் மாட்டிவையுங்கள்.

எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. என்ன காரணம்?

பிளீடர் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது கேலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது கேலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்றுக் குமிழி மேலேயே தங்கிவிட, எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் அது வெளியேறாது. அடாப்டர் வைத்துக் கேலிப்பரை அச்சின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றும்போதும் இதே நிலை வரும். வெவ்வேறு அளவுப் பிஸ்டன்கள் கொண்ட கேலிப்பரில் பக்கம் மாறுவது இன்னொரு வகையிலும் தவறு: டிஸ்க் சுழன்று உள்ளே நுழையும் பக்கம் சிறிய பிஸ்டனும் வெளியேறும் பக்கம் பெரிய பிஸ்டனும் இருந்தால்தான் பேட் சாய்வாகத் தேயாமல் இருக்கும்.

எந்தப் பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும்?

காரின் கையேடு அனுமதிக்கும் டாட் 4 அல்லது டாட் 5.1. புதிய நிலையில் டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260 என்று தரநிலை சொல்கிறது. ஈரம் உறிஞ்சிய பின் இவை முறையே 140, 155, 180 என்று இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது கட்டாயம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

சக்கரம் இடிக்குமா?

312 மி.மீ. டிஸ்க்குக்கு 16 அங்குலச் சக்கரமும், எஸ்டிஐ பிரெம்போவுக்கு 17 அங்குலச் சக்கரமும் தேவை. அங்குலம் சரியாக இருந்தாலும் அலாய் வீலின் ஆரக்கால் கேலிப்பரின் முகத்தில் இடிக்கலாம். கேலிப்பரின் வெளிவடிவை அட்டையில் வெட்டி, சக்கரத்தின் உட்புறத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டால் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். ஸ்டெப்னியும் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன அனுபவத்தால்தான் இந்த மாற்றத்தைச் செய்ய நினைக்கிறேன். உதவுமா?

ஓரளவு உதவும், ஆனால் அந்தச் சிக்கலுக்கு முதல் மருந்து இதுவல்ல. 1300 கிலோ கார் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையை மூன்றாம் கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் எந்த டிஸ்க்கும் சிவந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கி, எஞ்சினைக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தி, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து விட்டுவிடும் பழக்கம் செலவில்லாதது. அதற்கு அடுத்தபடி புதிய பிரேக் ஆயில். அதற்கும் அடுத்தபடி தரமான பேட். இந்த மூன்றுக்கும் பிறகும் போதவில்லை என்றால் பெரிய டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். மிதித்தபோது பெடல் தரைவரை போனதா, அல்லது பெடல் கெட்டியாக இருந்தும் கார் வேகம் தணியவில்லையா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். முன்னது ஆயில் கொதித்ததன் அறிகுறி; பின்னது பேட் சூடேறியதன் அறிகுறி.

சட்டமும் காப்பீடும் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஜெர்மனியில் பிரேக் மாற்றத்தை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் காட்டி வாகன ஆவணத்தில் பதியாவிட்டால், வாகனத்தின் ஓட்ட அனுமதியே செல்லாததாகிவிடலாம். எந்த நாட்டில் இருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பதிலைப் பெற்றுக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். விபத்துக்குப் பின் அறிவிக்கப்படாத பிரேக் மாற்றம் வெளிப்பட்டால், பாதிக்கப்படுவது உங்கள் காரோடு நின்றுவிடாது. எதிரே வந்தவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடும் சிக்கலுக்குள்ளாகலாம்.

பொருத்தி முடித்ததும் நேராகச் சாலையில் ஓட்டலாமா?

கூடாது. எஞ்சினை இயக்குமுன் பெடலைப் பல முறை மிதித்துப் பேட்களை டிஸ்க்கோடு சேருங்கள். இதை மறந்து காரை நகர்த்துபவருக்கு முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. அதன் பிறகு பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருக்க, வேறொருவர் ஒவ்வொரு இணைப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். மெல்ல இறங்கும் பெடலும் ஈரமான வாஷரும் வேலையைத் திரும்பச் செய்யச் சொல்கின்றன. காலி மைதானத்தில் நடைவேகத்தில் தொடங்கி, படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஏபிஎஸ் இயங்கும்வரை நேர்க்கோட்டில் மிதித்துப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை சாலைக்குக் கொண்டுவராதீர்கள். புதிய பேட்களைப் பதப்படுத்த, பேட் தயாரிப்பாளர் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். சூடான பிரேக்கைப் பிடித்தபடியே காரை நிறுத்திவைத்தால் பேட்டின் தடம் டிஸ்க்கில் படிந்து பின்னால் அதிர்வாக வரும்.

இதன் பிறகு பராமரிப்பில் என்ன மாறும்?

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கேரியர் போல்ட்டுகளைச் சேவைக் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவில் மீண்டும் சரிபாருங்கள். நான்கு பேட்களும் சமமாகத் தேய்கின்றனவா என்றும் பாருங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனே இனி உங்களுக்கு எல்லை. பழைய காரின் கையேட்டில் உள்ள எண் இனிச் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேலிப்பர், கேரியர், டிஸ்க், பேட், ஹோஸ் ஆகியவை எந்தக் காரின் எந்த ஆண்டு வகையிலிருந்து வந்தவை என்பதையும் அவற்றின் பாக எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, மெக்கானிக் வண்டியின் பெயரைச் சொல்லித்தான் பேட் வாங்கி வருவார். அந்தப் பேட் கேரியரில் இறங்காது, அல்லது இறங்கியும் டிஸ்க்கின் ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காரை விற்கும்போது அந்தத் தாளையும் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.